பங்கிராசுக்கு ஒரு மெழுகுதிரி

கண்ணை மூடு ரெஜி. வாயை மூடாதே, "ம்" சொல்லணும். சொல்லலைன்னா சித்தி எந்திரிச்சுப் போயிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு சலேத்தம்மா இருந்தா. கடலோரத்து ஊரு. அவ புருஷன் பங்கிராசு கட்டுமரத்துல போறவரு. ஒருநாள் அவர் கழுத்து உத்தரியம், அதான் மாதா படம் வச்ச சின்னத் துணி, அதோட கயிறு அறுந்துபோச்சு. சலேத்தம்மா பச்சை வலைநூலால மூணு முடிச்சுப் போட்டு, "தாலியில நீரு எனக்கு மூணு முடிச்சுப் போட்டீரு. இந்தாரும், நானும் போட்டுட்டேன்"னு சிரிச்சா. அப்புறம் அவரு கடலுக்குப் போனாரு. வரவே இல்ல.

"ம்."

அப்போ கல்லறைத் திருநாள் வந்துச்சு. ஊரே கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூப்போட்டு, மெழுகுதிரி ஏத்துது. இவ எங்க போயி ஏத்துவா? "எங்க கிடக்காரோ, ஒரு திரி ஏத்த ஆளில்லையே"ன்னு அவளுக்கு நெஞ்சு வெந்துச்சு. அப்பத்தைப் பிட்டுக் குடுத்து, என்னைய நெனச்சுக்கோங்கன்னு சேசு கேட்டாரில்ல? "ஆண்டவரே அப்படிக் கேட்டாரு, எம் புருஷன் கேக்க மாட்டாரா?"ன்னா.

மணல்ல ஏத்துனா. காத்து, புஸ்ஸ்! அணைஞ்சுது. அப்புறம் பாறை மேல ஏத்துனா. அலை, சளார்! போச்சு. அப்புறம் கல்லறைத் தோட்டத்து மூலையில, பேரில்லாத ஒரு மண்மேடு. சுத்தி எருக்கஞ்செடி. அங்க ஏத்துனா. மினுக் மினுக்னு நின்னு எரிஞ்சுது.

"அய்யா, நீரு யாரோ. உமக்கு ஆளில்ல, என் ஆளுக்குக் குழியில்ல. இதை நீரே வச்சுக்கிடும்"னா.

வருஷா வருஷம் அங்கதான். "சலேத்து, ஆள் மாத்தி ஏத்துறியே!"ன்னு ஊரு கேலி பண்ணுச்சு. வேற வேலையில்ல அதுகளுக்கு.

"ம்..."

ஏழாம் வருஷம், திருநாள் அன்னைக்குக் காலையில, தெக்கத்தி ஊர்லருந்து மிக்கேலம்மான்னு ஒருத்தி, கருவாடு விக்கிற நம்ம சலேத்தம்மாகிட்ட வாங்க வந்தா.

"வெரசாப் போடு தாயி, ஊருக்குப் போயி திரி ஏத்தணும்."

"யாருக்கு?"

"யாரோ. எங்க கரையில ஒதுங்குன ஆளு. கழுத்துல உத்தரியம் கிடந்துச்சு. நம்ம வேதத்து ஆளுன்னு அடக்கம் பண்ணிட்டோம்."

சலேத்தம்மா கையில இருந்த தராசு, டங்குன்னு விழுந்துச்சு.

"கயித்துல பச்சை வலைநூலா?"

"ஆமா."

"மூணு முடிச்சா?"

"ஆமா தாயி! உனக்கெப்படி..."

"எத்தனை வருஷமா ஏத்துற?"

"அடக்கம் பண்ணுன வருஷத்துலருந்து. இதோட ஏழு."

அப்பாடா! சலேத்தம்மா கருவாட்டுக் கூடைக்கு நடுவுல உக்காந்து ஓன்னு அழுதா. சந்தோஷ அழுகைம்மா. ஒரு வருஷங்கூட அவரு இருட்டுல கிடக்கல. அப்புறம் மிக்கேலம்மாவோட பஸ் ஏறிப் போயி, பங்கிராசுக்குத் தன் கையால ஏத்துனா.

"சித்தி... அந்த எருக்கஞ்செடி ஆளுக்கு?"

தூங்கலையா நீ? அவளுக்கும் அதே கவலைதான். மறுநாள் விடிஞ்சதும் ஓடி வந்து பாத்தா, மண்மேட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கு. சுத்தி உருகுன மெழுகுதிரி, எண்ண முடியல. கேலி பண்ணுன ஊரே சேதி கேட்டு, ஆளுக்கொண்ணு ஏத்திட்டுப் போயிருக்கு.

கதை கரை சேந்தாச்சு. நீயும் தூங்கு.