மடையை அடைத்தது யார்?

நெல்வாய் நாட்டு ராஜா சிம்மவர்ணனுக்கு ஊரில் இல்லாத ஆசையெல்லாம் வரும். அந்த வருஷம் வந்தது ஓடம் விடுகிற ஆசை. அரண்மனைக் குளம் எப்போதும் தளும்ப வேண்டுமாம். பெரிய ஏரியில் வயலுக்குப் போகிற மடையை அடைத்து, தண்ணீரையெல்லாம் குளத்துக்குத் திருப்பச் சொல்லிவிட்டார்.

வயலிலோ நெல் பால் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீரை நிறுத்துவது, குடிக்கிற பிள்ளையை மடியிலிருந்து பிடுங்குகிற மாதிரி. இன்னும் நாலு நாள் போனால் எல்லாம் பதர்தான். ஆனால் ராஜாவை எதிர்த்துப் பேசினால் சிறை. யார் வாயைத் திறப்பார்கள்?

அந்தச் சமயம் பார்த்து, பல தேசம் சுற்றிய கப்பல் வியாபாரி ஒருவர் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, ஒரு தேசத்தில் ராஜா இருக்கிறார், ஆட்சி மட்டும் மந்திரி கையில். ஜனங்கள் அனுப்பிய சபை வேண்டாம் என்றால் அந்த மந்திரியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்னொரு தேசத்தில் ராஜாவே கிடையாது..."

"அந்தத் தேசத்தை விடும். அடுத்ததைச் சொல்லும்" என்றார் ராஜா அவசரமாக.

"இரண்டு இடத்திலும் எதிர்க்கட்சி என்று ஒன்று உண்டு. அரசாங்கத்தைக் குறை சொல்வதுதான் அதற்கு வேலை. சம்பளமும் உண்டு!"

அடுத்தவரிடம் இருப்பது தன்னிடம் இல்லையென்றால் ராஜாவுக்குச் சோறு இறங்காது. சபையிலேயே கெட்டிக்காரரான மருதப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்கே நமக்கும் ஒரு எதிர்க்கட்சி வேண்டும். நன்றாகச் சத்தம் போட வேண்டும். ஆனால் ஒருத்தரும் என்னை எதிர்க்கக் கூடாது. எதிர்த்தால் அவர்களோடு நீரும் சிறைக்குப் போவீர்."

உப்பில்லாமல் ஊறுகாய் போடச் சொல்கிறாரே என்று சபையில் எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

மருதப்பிள்ளை அசரவில்லை. "ஆகட்டும் மகாராஜா. ஆனால் எதிர்க்கட்சி இருந்தால், பதில் சொல்ல ஒரு முதல் மந்திரியும் இருக்க வேண்டுமே?"

"அதுவும் நீரே இரும்."

மறுநாள் மருதப்பிள்ளை கூட்டிவந்த பத்து விவசாயிகள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி சடையம்மா. அவள் வயலும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. எழுந்தாள்.

"எங்க ராஜா தங்கம்! அவர் புத்தி கோபுர உயரம்!"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். சடையம்மா மந்திரி பக்கம் திரும்பினாள்.

"யோவ் மந்திரி! பால் பிடிக்கிற பயிருக்குப் போற மடையை அடைச்ச மடையன் யாருய்யா?"

சபையில் எல்லோரும் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது வந்து... ராஜா உத்தரவு..." என்று இழுத்தார் பிள்ளை.

"என்னது! எங்க ராஜாவையா மடையன்கிறே? ஓடம் விடுறதுக்காக ஊர்ச் சோத்துல கை வைக்கிற ஆளா அவரு? சின்னப் பிள்ளைகூட அப்படிப் பண்ணாது! அவர் மேல பழி போடாதே!"

"பழி போடாதே! பழி போடாதே!" என்று மற்ற ஒன்பது பேரும் கூரை அதிரக் கத்தினார்கள்.

மருதப்பிள்ளை ராஜாவைப் பார்த்துப் பணிவாகக் கைகட்டினார்.

"மகாராஜா, இவர்கள் உங்களை எதிர்க்கவில்லை. உங்களுக்காக என்னோடு சண்டை போடுகிறார்கள். மடையை அடைத்த மடையன் யார் என்று கேட்கிறார்கள். நான் யாரைக் காட்டட்டும்?"

'நான்தான்' என்று ராஜா எந்த வாயால் சொல்வார்?

"சே சே! நானாவது, அப்படிச் செய்வதாவது! யாரடா அங்கே? ஓடிப்போய் மடையைத் திற!"

சடையம்மா விடுகிறதாக இல்லை. "அப்போ தப்பு மந்திரியோடது. அந்த ஆளைப் பதவியை விட்டு இறங்கச் சொல்லுங்க ராஜா!"

"ராஜா இருக்கிற அந்தத் தேசத்திலும் இதேதான் மகாராஜா" என்று வியாபாரி தலையாட்டினார். "ராஜா தப்பே செய்ய மாட்டார். தப்பெல்லாம் மந்திரி தலையில்தான்."

மருதப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார். "அப்போ நான் வருகிறேன் மகாராஜா."

ராஜாவுக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டார். தலைப்பாகையையும் தானே எடுத்து அவர் தலையில் அழுத்தி வைத்தார்.

"எங்கே ஐயா கிளம்பிவிட்டீர்? நீர் போய்விட்டால், அடுத்த தப்பை நான் யார் தலையில் போடுவது?"