அனுபிஸின் கட்டைவிரல்

எகிப்தில் செத்தவர்கள் இன்றைக்கும் அனுபிஸிடம்தான் போய் நிற்கவேண்டும். நரிமுகக் கடவுள். இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். கூடத்தில் டியூப்லைட் எரிகிறது. வருகிறவர்களுக்கு டோக்கன் உண்டு. மற்றபடி வேலை பழையதுதான். தராசின் ஒரு தட்டில் வந்தவரின் இதயம், மறுதட்டில் ஓர் இறகு. இதயம் கனத்தால் அம்மித் என்கிற முதலைவாய் மிருகம் அதைத் தின்றுவிடும்.

அவருடைய சீடன் ஹம்தி, உயிரோடிருந்தபோது கெய்ரோவில் கடைத் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரி. தட்டில் விரல் வைத்தவன் அகப்பட்டால் தராசை வண்டியோடு பறித்துக்கொண்டு போவான். அழுதாலும் காதில் வாங்கமாட்டான். மினிபஸ் மோதிச் செத்தான். இங்கே அவன் இதயம் இறகோடு சரிசமமாக நின்றது. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் கேட்டான்: "குருவே, உலகத்தில் இத்தனை பாவிகள். அம்மித் மட்டும் ஏன் எலும்பும் தோலுமாக இருக்கிறது?"

"எனக்குச் சமையல் வராது," என்றார் அனுபிஸ்.

ஹம்தி விடுவதாக இல்லை. அடுத்தவரை எடைபோடும்போது உற்றுப் பார்த்தான். இறகு இருந்த தட்டின் விளிம்பில் குருவின் கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

"குருவே, இது கள்ள எடை."

"அப்படியானால் அடுத்ததை நீ போடு."

அடுத்து வந்தவன் அந்த மினிபஸ் டிரைவர். ஹம்தியை அடையாளம் தெரிந்ததும் தலையைத் தொங்கப் போட்டான்.

"ஐயா, அன்னைக்கு நிறுத்தாம ஓடிட்டேன். பயம்."

ஹம்தி அவன் இதயத்தை வைத்தான். தட்டு தரையைத் தொட்டது. அம்மித் எழுந்து வந்து வாயைத் திறந்தது.

ஹம்தி திரும்பினான். குரு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் விரல் வைக்கப் போவதில்லையா?"

"தராசு உன் கையில் இருக்கிறது."

"நான் வைக்கமாட்டேன். என் இதயம் யார் விரலும் படாமல் நேராக நின்றது. இவனுடையது நிற்காவிட்டால் அது இவன் பாடு."

அனுபிஸ் வலது கையை முன்னால் நீட்டினார். கட்டைவிரல் வீங்கி ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"உன்னுடையதை எடைபோட்ட அன்றைக்குச் சுளுக்கியது," என்றார். "இன்னும் சரியாகவில்லை."

ஹம்தியின் கட்டைவிரல் இறகுத் தட்டின் விளிம்புக்குப் போனது. சற்று நேரத்தில் அம்மித் வாயை மூடிக்கொண்டு பழைய இடத்திலேயே போய்ப் படுத்தது.