சாரைக்கு இமை போன கதை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்!

அந்தக் காலத்தில் பாம்பு பேசும். கண்ணை மூடி உறங்கவும் செய்யும். வீட்டுக்கு ஒரு பாம்பு வளர்த்தார்கள். இல்லாவிட்டால் விதைச் சோளத்தை எலி விட்டுவைக்காது.

வெள்ளத்தாயி தனிக்குடித்தனம் வந்ததும் பாம்பு பார்க்கப் புற்றுக்காட்டுக்குப் போனாள். நல்லபாம்பு படமெடுத்து ஆடிக் காட்டியது. "மினுக்குற ஆள் எனக்கு வேண்டாம்" என்று நகர்ந்தாள். பச்சைப்பாம்போ, "எலியா? எனக்கு ஓணான் போதும்மா" என்றது. கடைசியில் ஒரு சாரை, கூப்பிடுவதற்கு முன்பே அவள் கூடைக்குள் தலையை நீட்டியது.

"வாரேன் தாயி. ஆனா ரெண்டு சத்தியம் வேணும். இரை எடுத்த அன்னைக்கு என்னைத் தூக்கக் கூடாது. சட்டை உரியப் போறப்ப கண்ணுல பால் பூத்து வெளுக்கும்; அப்ப சட்டையை நானா கழத்துற வரைக்கும் கை வைக்கக் கூடாது."

"வைக்கவே மாட்டேன்."

ஒரு வருஷம் சொன்ன சொல்லைக் காத்தாள். வாயகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தாள். உடம்பை உரசிக்கொள்ளக் கருங்கல் போட்டாள். மத்தியானம் அது அவள் மடியில் சுருண்டு இமை மூடி உறங்கும். அந்த நேரம் அவள் இருமக்கூட மாட்டாள்.

விதைப்பன்று ஊரார் தங்கள் பாம்பைக் களத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். எது பளபளக்கிறதோ அந்த வீட்டு விதைதான் முதலில் மண்ணில் விழும். அந்த வருஷம் பார்த்து, முந்தின நாள் சாரைக்குக் கண்ணில் பால் பூத்திருந்தது.

நாத்தனார் சீனியம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, பாம்பா இது? அடுப்புல கிடந்த கயிறு மாதிரில்ல இருக்கு! எங்க அண்ணன் மானத்தை இப்படியா வாங்குவீக?"

அவள் போனதும் வெள்ளத்தாயி கெஞ்சினாள். "நாளைக்குக் களம்டா. இன்னைக்கே சட்டையைக் கழத்திரு."

"மூணு நாளாகும் தாயி. கண்ணு தெரியல. நீ பக்கத்துல இரு, அது போதும்" என்று மடியில் தலை வைத்தது. உறங்கியும் போனது.

வெள்ளத்தாயி ஈரத்துணியால் அதன் மூக்கு நுனியை ஊறவைத்தாள். தோலைக் கிள்ளி ஒரே இழுப்பாக இழுத்தாள். தோல் வந்தது. தோலோடு இரண்டு இமையும் வந்தன.

மூட முடியாத கண்ணால் சாரை அவளையே பார்த்தது.

"களத்துக்குப் போகணுமேன்னுதான்..." என்றாள்.

அது மடியை விட்டு இறங்கிப் போனது. வழியில் அந்தக் கண்ணைக் கண்ட ஊர்ப் பாம்புகளும் தங்கள் இமையைக் கல்லில் உரசிக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் புற்றுக்குத் திரும்பின. மறுநாள் களத்துக்கு எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். அடுத்த விதைப்புக்கு ஊரில் ஒரு மணி விதை இல்லை. அத்தனையும் எலி வயிற்றில்.

அன்று முதல்தான் பாம்பு பேசுவதுமில்லை, கண்ணை மூடுவதுமில்லை. மனுஷக் காலடி அதிர்ந்தாலே ஓடிவிடுகிறது, 'இதுக்குத்தானே ஆசைப்பட்டே, வச்சுக்கோ' என்பதுபோலச் சட்டையை மட்டும் நம் வேலியில் மாட்டிவிட்டு.

யார் சொன்னது என்று எவனாவது கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். வெள்ளத்தாயி வம்சம் எங்கள் தெருவில்தான் இருக்கிறது; எனக்கு மோர் அங்கேயிருந்துதான் வருகிறது.