ஆரோக்கியமாகப் பிறந்த ஆறு

"என் கோபம் அடங்க ஒரு வழி சொல்லுங்கம்மா" என்று கேட்டபடியே வந்து உட்கார்ந்தார் தில்லைநாயகம்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. தவமணி அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் மலையடிவாரத்துச் சிறிய மடத்தில் அம்மையார்தான் குரு. பாத்திரம் துலக்குவதும் அவர்தான்.

கீரை ஆய்ந்துகொண்டே, என்ன கோபம் என்று கேட்டார்.

தில்லைநாயகம் கொட்டித் தீர்த்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளெலிகளின் மரபணுவை மாற்றி, ஒரு நரம்பு நோயோடு பிறக்கும்படி இனப்பெருக்கம் செய்வது அவர் வேலை. எட்டுக் குட்டி பிறந்தால் இரண்டுக்குத்தான் அந்த நோய் இருக்கும். அவை ஆராய்ச்சிக்கு. மற்ற ஆறும் நல்ல ஆரோக்கியம். அதனாலேயே எதற்கும் உதவாதவை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு விஷவாயு செலுத்தி முடித்துவிடுவார்கள்.

"நோயோட பிறந்தா தீனி. நோயில்லாமப் பிறந்தா சாவு. இருபது வருஷமா இதைத்தாம்மா பண்ணிட்டிருந்தேன்."

நேற்று, இந்த முறை பிறந்த ஆறையாவது விட்டுவையுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டாராம். வைக்கக் கூண்டு எங்கே இருக்கிறது என்று இயக்குநர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வீசினார். இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பஸ் ஏறிவிட்டார்.

"எல்லாத்தையும் கைகழுவிட்டேன். ஆனா நெஞ்சு எரியுது."

"கொல்றது யாரு? நீங்களா?"

"இல்லம்மா. சகாயமேரின்னு ஒருத்தங்க, கூண்டு பாத்துக்கிறவங்க. நான் 'வேண்டாம்'னு சீட்டு எழுதிக் கூண்டுல மாட்டுவேன். அதைப் பாத்து அவங்க செய்வாங்க."

அம்மையாரின் கை நின்றது.

"இந்த ஆறு இருக்கிற கூண்டுல?"

வியாழக்கிழமையே மாட்டியாகிவிட்டது. வேலையையே தூக்கி எறிந்துவிட்டு வந்த பெரிய மனுஷர், அந்தச் சீட்டைக் கழற்றவில்லை.

அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை. பதினொன்று நாற்பது.

உள்ளே போய் மடத்தின் செல்போனை எடுத்துவந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மன அமைதி தேடி அங்கே வந்தவர்கள் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"சகாயமேரி நம்பர்?"

"தெரியாதும்மா."

"எத்தனை வருஷம் உங்ககூட வேலை பாத்தாங்க?"

"பத்தொன்பது."

"இயக்குநர் நம்பர்?"

"மனப்பாடமா இருக்கு. ஆனா அந்த ஆள்கிட்ட நான் எப்படிம்மா? சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். இப்பப் போய்க் கெஞ்சினா மறுபடியும் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்" என்றார் அம்மையார். எண்களின்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க."