கரையாத ஆமை

"அம்மா, ஆமையைக் கடல்ல விடவா, வேண்டாமா?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

வைத்திலிங்கத்துக்கு மீசை நரைத்துவிட்டது. அவர் எதற்கும் யோசனை கேட்கும் குரு மங்கைக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். அவள் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டே காதுகொடுத்தாள்.

ஆமை என்றால் ஊர்வலப் பொம்மை. முள்ளிக்குப்பத்துக் கடலோரத்தில் ஒதுங்கிய பாட்டில், பை, அறுந்த நைலான் கயிறு எல்லாம் பொறுக்கி அவரே கட்டியது. கயிற்றை இழுத்தால் கழுத்து நீளும். அதன் வாலில் முட்டையிட்ட காக்கை தலைப்பக்கம் போய்த் திரும்புவதற்குள் குஞ்சு பறந்துவிட்டது. அவ்வளவு நீளம். ஊர்த் தலைவரான நாட்டார் அஞ்சப்பன் பாக்குத் தின்று எறிந்த உறையிலேயே ஒரு கால் முழுசாக வந்துவிட்டது.

"கடல் ஏறி வருது, காலம் தப்பிப் புயல் அடிக்குது, இனிமேலாவது பார்த்து நடங்கன்னு சொல்லத்தான் ஊர்வலம். நாட்டாரோ, ஊர்வலம் போன பொம்மையைக் கடல்ல கரைச்சாத்தான் மீன் படும், அதுதான் வழக்கம்கிறார்."

"சரி."

"கரைச்சா, பொறுக்கினதை மறுபடி கடல்லயே கொட்டின மடையன் நான். கரைக்கலைன்னா, அடுத்த வருசம் ஒருத்தனும் ஊர்வலத்துக்கு வரமாட்டான்."

"கரைச்சிடுவோம்" என்றாள் மங்கை.



மறுநாள் பறை முழங்க ஆமை ஊரைச் சுற்றியது. அதன் ஓட்டுக்குள் பாதி ஊரே நடந்தது. கடற்கரை வந்ததும் நாட்டார் முன்னால் நின்று, "இறக்குங்கடா" என்றார்.

"ஒரு வார்த்தை நாட்டாரே" என்றாள் மங்கை. "கரைக்கிறதுன்னா கரையணும். கரையற வரைக்கும் யாரும் கையை எடுக்கக்கூடாது."

"அதானே முறை" என்றார் நாட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஆமையை அமுக்கினார்கள். அது எழும்பியது. நாட்டார் மேலே ஏறி உட்கார்ந்தார். அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும்பியது.

வெயில் ஏறியது. பறைக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டு வந்தார்கள். நாட்டாரின் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

மங்கை ஆமையின் காலைத் தடவிப் பார்த்தாள்.

"நகம்கூடக் கரையலை. நானூறு, ஐந்நூறு வருசம் ஆகும்கிறாங்க. ஒண்ணும் அவசரமில்லை. உங்களுக்குக் கை வலிச்சா மருமகன் பிடிக்கட்டும். அப்புறம் அவர் மகன், பேரன்."

கரையில் நின்ற மருமகன் மெல்ல ஒரு படகுக்குப் பின்னால் போனார்.

நாட்டார் நெடுநேரம் ஆமையின் முகத்தையே பார்த்தார்.

"திருப்புங்கடா" என்றார்.

ஆமை மணலேறியது. வைத்திலிங்கம் அதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாட்டார் தலைப்பாகைக்குள் ஈரம்படாமல் வைத்திருந்த பாக்கை எடுத்தார். உறையைப் பல்லால் கிழித்தார். பாக்கை வாயில் போட்டார். உறையோடு கை வழக்கப்படி கடல் பக்கம் ஓங்கியது.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"வைத்தி" என்றார், உறையை அவரிடம் நீட்டி. "வால் கொஞ்சம் குட்டையா இருக்கு."