வலிக்கா?

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா டீச்சரைத் தேடி வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். பேஸ்பாலில் பந்து எறியக் கற்றுக்கொடுக்க அவரை விட்டால் ஆளில்லை என்று கேள்விப்பட்டு வந்திருப்பார்கள். வந்து பார்த்தால் முப்பது வயது மதிக்கத்தக்க, குள்ளமான ஒரு பெண் மைதானத்தில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். "இங்க கோச் யாரும்மா?" என்று அவரிடமே கேட்பார்கள்.

குணசீலனும் அப்படித்தான் கேட்டார்.

அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். கபடியும் கோகோவும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. பேஸ்பால் மட்டும் புதுசு. ஆனால் பள்ளியில் இசக்கி என்று ஒரு பிள்ளை இருந்தாள். எட்டாம் வகுப்பு. அவள் எறிகிற பந்தைப் பிடித்தால் கையுறைக்குள்ளே உள்ளங்கை எரியும்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் வேகம் வரணும் டீச்சர்," என்றார் குணசீலன். "மாவட்டப் போட்டி வருது. அதுல ஜெயிச்சா விளையாட்டு விடுதியில இடம் கிடைக்கும். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க. அவ அப்பா வாழைத்தார் சுமக்கிறவரு."

டீச்சர் பொறுக்கிய கற்களை ஓரமாகக் கொட்டினார். ஒரு பந்தை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"உக்காருங்க சார்."

"எங்க?"

"தரையிலதான். காலை நீட்டி உக்காந்து, அந்தக் கம்பி வேலி வரைக்கும் எறிங்க."

குணசீலன் உட்கார்ந்து எறிந்தார். பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை.

"முட்டி போட்டு எறிங்க."

கொஞ்சம் கூடப் போனது.

"இப்ப எந்திரிச்சு, ஒரு காலை நல்லா எட்டி வச்சு, இடுப்பைத் திருப்பி எறிங்க."

பந்து வேலியில் போய் மோதியது. கம்பி அதிர்ந்தது.

"மூணு தடவையும் ஒரே கைதான சார்?"

"ஆமா டீச்சர்."

குணசீலன் தன் கையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். "அப்போ வேகம் கையில இல்லையா?" என்று நிமிர்ந்தபோது, டீச்சர் மறுபடியும் கல் பொறுக்கப் போயிருந்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்தார். தன்னைவிட எத்தனையோ வயது சின்னவரிடம் கைகட்டி நிற்பதில் அவருக்கு வெட்கம் இல்லை. கேட்ட கேள்விக்கு டீச்சர் நேராகப் பதில் சொன்னதே கிடையாது. வளைந்து போகிற பந்தை எப்போது சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டார். டீச்சர் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளையின் முழங்கையைக் குணசீலனையே விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது. "இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு சார்," என்றார். குணசீலன் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். ஒரு நாள் நிறைய எறிந்தால் அடுத்த சில நாள் பந்தைத் தொடக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டார்.

இசக்கியின் பந்து நாளுக்கு நாள் நேரானது. வேகமும் கூடியது.

மாவட்டப் போட்டி நெருங்கிய சமயம் குணசீலன் கேட்டார்.

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும் டீச்சர்? அளவு தாண்டிப் போயிட்டா?"

"பிள்ளைகிட்டயே கேளுங்க."

"கேக்காம இருப்பனா? ஒவ்வொரு பந்துக்கும் வலிக்கா வலிக்கான்னு கேக்கேன். இல்ல சார்னுதான் சொல்லுதா."

"அப்படியா," என்றார் டீச்சர். "சரி, இன்னைக்கு நீங்க போடுங்க சார்."

மைதானத்துப் பிள்ளைகள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். எதிரே ஒருத்தி பிடிக்க உட்கார்ந்தாள். டீச்சர் குணசீலனுக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பந்துகளோடு நின்றார்.

குணசீலன் எறிந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"வலிக்கா சார்?" டீச்சர் அடுத்த பந்தை நீட்டினார்.

"இல்ல டீச்சர்."

எறிந்தார். மறுபடியும் எறிந்தார். கூடை பாதியானது. தோளுக்குள் யாரோ ஊசியைச் சொருகித் திருகுவது போல இருந்தது.

"வலிக்கா சார்?"

"இல்ல, இல்ல. குடுங்க."

கூடை காலியான பிறகு பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். குணசீலன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். இடது கையால்தான் கழுவ முடிந்தது. டீச்சர் வந்து பக்கத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"தோள் எப்படி இருக்கு சார்?"

"தீயா எரியுது டீச்சர். கையைத் தூக்க முடியல."

"அப்பவே கேட்டனே. ஒரு தடவையா கேட்டேன்?"

"நீங்க பந்தை நீட்டிக்கிட்டுல்லா கேட்டீங்க!" குணசீலனுக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "பிள்ளைங்க வேற சுத்தி நிக்காங்க. கைதட்டுறாங்க. அந்த இடத்துல நான் எப்படி வலிக்குன்னு…"

அப்படியே நின்றுவிட்டார்.

டீச்சர் குழாயை இறுக்கி மூடிவிட்டு எழுந்து போனார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் வழியெல்லாம் குணசீலனுக்கு ஒரே காட்சிதான் கண்ணில் நின்றது. இசக்கி நிற்கிறாள். அவர் கேட்கிறார். கேட்கும்போதே அவருடைய கை பந்தோடு நீள்கிறது.

இறுதிப் போட்டி திருநெல்வேலியில் நடந்தது. இசக்கியின் அப்பா சுடலைமுத்து லோடு இறக்குகிற வேலைக்கு அன்று போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விடுதிக்கு ஆள் எடுக்கிறவர்களும் வந்திருந்தார்கள். குணசீலனின் பிள்ளைகள்தான் முன்னணியில் இருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் கோப்பை அவர்களுக்கு.

அப்போதுதான் குணசீலன் கவனித்தார். இசக்கியின் கால் முன்பு போல எட்டி விழவில்லை. பந்து மேலே மேலே போனது. ஒவ்வொரு முறை எறிந்த பிறகும், வேர்வையைத் துடைக்கிற சாக்கில் முழங்கையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

நடுவரிடம் சொல்லி ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுந்தார். வழியில் ஒரு பிள்ளை பந்தை அவர் கையில் கொடுத்தாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் அது கையில் இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய், பந்து பிடிக்கிற பெனாசிரிடம் அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இசக்கியிடம் போனார். அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கை எப்படி இருக்கும்மா?"

"நல்லாருக்கு சார்."

குணசீலன் எழுந்திருக்கவில்லை.

"அடுத்து யாரு போடணும்னு நான் இன்னும் முடிவு பண்ணல. நீ என்ன சொன்னாலும் உன் மேல கோவப்பட மாட்டேன். மெதுவா சொல்லு."

இசக்கி தரையைப் பார்த்தாள்.

"வலிக்கு சார்."

"எப்ப இருந்து?"

"முந்தின மேட்ச்ல இருந்தே." பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா வந்திருக்காவ சார்."

அவளை வெளியே அழைத்துக்கொண்டார். வேறொருத்தி எறிந்தாள். அவளும் முடிந்த மட்டும் பார்த்தாள். தோற்றுப்போனார்கள்.

சுடலைமுத்து நேராக அவரிடம் வந்தார். "ஜெயிக்கிற நேரத்துல எம்பிள்ளைய எடுத்துட்டியளே சார். நான் என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?" குணசீலன் அவரையும் இசக்கியையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வளர்கிற எலும்பில் விரிசல் விழுகிற நிலைமையாம். இன்னும் கொஞ்சம் எறிந்திருந்தால் ஆபரேஷன்தான், அடுத்த வருஷம் பள்ளி திறக்கிறவரை பந்தைத் தொடக் கூடாது என்றார். சுடலைமுத்து பிள்ளையின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

விடுதி இடம் அந்த வருஷம் வேறு ஒருத்திக்குப் போனது. இசக்கி குணசீலனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் சாயங்காலம் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் எறிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. போகும்போது அவள் பக்கத்தில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை வைத்துவிட்டுப் போவார். சில நாள் எடுத்துக்கொள்வாள். சில நாள் அங்கேயே கிடக்கும்.

ஒரு நாள் பெனாசிர் வந்து நின்றாள்.

"சார், எனக்கு முட்டி வலிக்கு. குத்தவச்சு உக்காந்து எந்திரிக்கும்போது."

"இன்னைக்கா?"

"இல்ல சார். ரொம்ப நாளா."

அவளை உட்காரவைத்தார். மறுநாள் இன்னொருத்தி கணுக்காலைக் காட்டினாள். அடுத்து ஒருத்தி, முதுகு. எப்போதும் முதலில் ஓடுகிற செல்வராணி தலையைக் குனிந்துகொண்டு, "வயிறு சார்," என்று மட்டும் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. "போயி நிழல்ல உக்காரும்மா," என்றார். இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் பிள்ளையும் அதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த வாரக் கடைசியில் மைதானத்தில் ஓடியவர்களைவிட உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை குணசீலன் பாளையங்கோட்டைக்குப் போனார். டீச்சர் பிய்ந்த கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். குணசீலன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். இறுதிப் போட்டி, ஆஸ்பத்திரி, சுடலைமுத்து கேட்டது, இசக்கி பேசாமல் இருப்பது.

"அதைக்கூடத் தாங்கிக்கிடலாம் டீச்சர். அவ கை பிழைச்சுதே, அது போதும். இப்ப மத்த பிள்ளைங்களுக்கும் என்னமோ ஆயிப்போச்சு. ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்கு முதுகு. தினம் ஒருத்தி வந்து நிக்கா. முன்னாடியெல்லாம் என் பிள்ளைங்க இப்படிக் கிடையாது. ஒருத்திக்கும் ஒரு குறை இருந்ததில்ல. நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். பாதி டீம் வலியில கிடக்கு."

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கையுறையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"வலி பழசுதான் சார்," என்றார். "சொல்றதுதான் புதுசு."