இருபத்தேழாம் எண்

இசை உளவியல் கருத்தரங்கின் இரண்டாம் நாள் காலை. செவ்வந்தியின் முறைக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பேசப் பன்னிரண்டு நிமிடம், கேள்விக்கு மூன்று. மணி அடித்தால் பாதி வாக்கியத்திலேயே இறங்கிவிட வேண்டும்.

அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். "பாட்டுப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று அம்மா விடிந்ததிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

தாலாட்டு கேட்டால் இதயத் துடிப்பு இறங்கும் என்பதுதான் அவள் கட்டுரை. நாற்பது பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டி, ஒரே தாலாட்டைப் போட்டிருந்தாள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியது. இருபத்தேழாம் எண்ணுக்கு மட்டும் கிடுகிடுவென ஏறியது. அவரைச் சேர்த்தால் முடிவு தள்ளாடியது. எடுத்துவிட்டால் கச்சிதமாக நின்றது.

வழிகாட்டிப் பேராசிரியை ஷமீமா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையை நகர்த்திக்கொண்டே போனவர் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் நின்றார்.

"இந்த வரி என்ன, எறும்பு படிக்கவா?"

செவ்வந்தி வாசித்தாள். "இருபத்தேழாம் எண் நீக்கப்பட்டது. காரணம், கருவிக் கோளாறு."

"ம்."

"ஒருத்தர்தானே மேடம். விட்டுடலாம் இல்லையா?"

பேராசிரியை டீயை ஓரமாக வைத்தார். "அந்தக் கருவி இருக்கா?"

"பையில இருக்கு."

"எடு. உன் விரல்ல மாட்டு. பாட்டைப் போடு."

தாலாட்டு மெல்ல எழுந்தது. திரையில் தொண்ணூறு. பிறகு நூறு. பாட்டு முடியும்போது நூற்றுப் பதினாறு.

"கருவி கெட்டுப்போச்சா?"

"இல்ல மேடம்."

"பின்னே?"

"இந்தப் பாட்டைக் கேட்டாலே இன்னைக்கு மேடை ஏறணுமேன்னுதான் ஞாபகம் வருது."

"தாலாட்டுதானேம்மா இது?"

செவ்வந்தி விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள்.

"இருபத்தேழு யாரு?"

"விடுதிச் சமையலறையில இருக்காங்களே, பொற்கொடி அக்கா."

"பாட்டு முடிஞ்சதும் ஏதாவது சொன்னாங்களா?"

"'இன்னொரு தடவை போடுறியா பாப்பா'ன்னு கேட்டாங்க. வெளியே அடுத்த ஆள் காத்துக்கிட்டிருந்தாங்க. கிளிப்பைக் கழற்றிட்டேன்."

"அவங்களுக்கு என்ன ஞாபகம் வந்துச்சாம்?"

செவ்வந்தி கிளிப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அவள் பெயரை அழைத்தார்கள். அந்தச் சின்ன வரியை அழித்தாள். நாற்பது புள்ளிகளும் இருந்த பழைய வரைபடத்தை எடுத்து வைத்தாள். எழுந்தாள்.

"அந்த ஒரு புள்ளி ஏன் மேல போச்சுன்னு கேட்பாங்களே மேடம். என்ன சொல்றது?"

பேராசிரியை மீதி டீயைக் குடித்து முடித்தார்.

"'பொற்கொடி அக்காகிட்ட நான் கேட்கலை'ன்னு சொல்லு."